தண்ணீர் குளிர்விக்காது, சுமக்கும்

கம்ப்யூட்டருக்கு லிக்விட் கூலர் வாங்கும் முன் கணக்கிட வேண்டியது அறையின் வெப்பத்தை

மே மாதத்து நாக்பூரில் வெயில் 45 டிகிரியைத் தொடுவது செய்தியே அல்ல. ஜன்னலில் பொருத்திய ஏர் கூலரில் தண்ணீர் நிரப்பி, நனைந்த திரை வழியாக வரும் காற்றில் நடுத்தர வர்க்கம் மத்தியானத்தைக் கழிக்கிறது. அதே ஊரில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் ஓர் இளைஞர் புதிய கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்பினால், கடையில் அவர் காதில் விழும் சொல்லும் அதுவே: கூலர். "தண்ணீர் ஓடுகிறது சார், சூடே ஏறாது" என்பார் கடைக்காரர். கண்ணாடி வைத்த கேபினெட்டுக்குள் மூன்று மின்விசிறிகள் வண்ண விளக்குகளோடு சுழலும். விலை பத்தாயிரத்துக்கு மேல்.

குழப்பம் இந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. ஜன்னலில் இருக்கும் கூலரில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், வெளியே 44 டிகிரி இருந்தாலும் அறைக்குள் அதைவிடக் குளிர்ந்த காற்று வருகிறது. கம்ப்யூட்டரில் பொருத்தும் லிக்விட் கூலரில் எதுவும் ஆவியாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே திரவம் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. அது வெப்பத்தை ஓர் இடத்தில் ஏற்றி இன்னோர் இடத்தில் இறக்கும் கூலியாள். அறையில் 40 டிகிரி இருந்தால் அந்தத் திரவம் ஒருபோதும் 40 டிகிரிக்குக் கீழே போகாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த விதி மாறாது.

வெறும் இயற்பியல் பாடம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. முகூர்த்த சீசனில் இரவு முழுக்க ரெண்டர் ஓடவிட்டுக் காலையில் வீடியோவைக் கொடுப்பதாக வாக்களித்தவருக்கு இது பிழைப்பு. பிராசஸர் தன் வெப்ப எல்லையைத் தொட்டதும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசஸருக்கு அந்த எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 9 9950எக்ஸுக்கு 95. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, எச்சரிக்கை மணியும் அடிக்காது. நாலு மணி நேர வேலை ஐந்தரை மணி நேரமாக நீளும். எதனால் என்று உரிமையாளருக்குப் புரியவும் புரியாது. மறுபுறம், தேவையே இல்லாத கூலருக்குக் கொடுத்த பணம் யுபிஎஸ் வாங்கவோ கூடுதல் ஹார்ட் டிஸ்க் வாங்கவோ உதவியிருக்கும். கடன் வாங்கித் தொழில் தொடங்குபவருக்கு இரண்டுமே நஷ்டம்.

லிக்விட் கூலரின் அமைப்பு எளிமையானது. பிராசஸரின் தலைமேல் ஒரு செம்புத் தகடு. அதன் உட்புறம் மயிரிழை போன்ற மெல்லிய பள்ளங்கள். சிறிய பம்ப் ஒன்று அவற்றின் ஊடே தண்ணீரும் கிளைக்காலும் கலந்த திரவத்தைத் தள்ளுகிறது. சூடேறிய திரவம் ரப்பர் குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே மின்விசிறிகள் வெப்பத்தைக் காற்றுக்கு மாற்றுகின்றன. காரின் ரேடியேட்டர் செய்யும் அதே வேலை. ஒரே கன அளவில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும் என்பதே இதன் பலம். ஆனால் கடைசியில் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது அறையின் காற்றுதான். அது ஏற்கெனவே சூடாக இருந்தால் கூலியாள் சுமையை இறக்க இடமில்லாமல் நிற்பார்.

எனவே கூலர் பற்றிய மதிப்புரைகளைப் படிக்கும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்று உண்டு. பிராசஸர் எத்தனை டிகிரியில் ஓடியது என்பதைவிட, அறையின் வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறியது என்பதே முக்கியம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரியில் நடக்கின்றன. அங்கே ஒரு கூலர் பிராசஸரை 75 டிகிரியில் வைத்தது என்றால், அறைக்கு மேல் 53 டிகிரி ஏறியதாக அர்த்தம். அதே கூலர், அதே வேலை, நாக்பூரின் 40 டிகிரி அறை: பிராசஸர் 93 டிகிரியைத் தொடும். ஏசி ஓடும் 26 டிகிரி அறையில் 79. கடைக்காரர் சொல்லாத இந்தக் கூட்டல் கணக்கை வாங்குபவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது வாட் கணக்கு. பிராசஸர் தின்னும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஏஎம்டி ரைசன் 7 7700 போன்ற 65 வாட் வகைப் பிராசஸர் முழு வேகத்தில் ஓடும்போதுகூட 88 வாட்டைத் தாண்டாதபடி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கோர் ஐ9-14900கே 253 வாட் வரை போகும். முன்னதற்கு லிக்விட் கூலர் வாங்குவது சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டுவது போல. அதன் பெட்டியிலேயே ஒரு கூலர் வருகிறது. அது போதவில்லை என்று தோன்றினால், நாலைந்து ஹீட் பைப்களோடு நிமிர்ந்து நிற்கும் ஏர் கூலர் ஒன்று இரண்டு, மூன்றாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

ஏர் கூலர் ஏழைக்கானது என்ற எண்ணம் கடைவீதியில் பரவலாக இருக்கிறது. உண்மை வேறு. நாக்டுவாவின் என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுர ஏர் கூலர்கள் பல 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர்களுக்குச் சமமாக நிற்கின்றன. அவற்றில் கெட்டுப்போகக்கூடிய உறுப்பு மின்விசிறி ஒன்றுதான். அது நின்றாலும் உலோகத் தகடுகள் கொஞ்சம் வெப்பத்தை வெளியேற்றும். சில நூறு ரூபாயில் வேறு விசிறி மாட்டிவிடலாம். குறை அவற்றின் உயரம். என்எச்-டி15 மட்டும் 165 மில்லிமீட்டர். கேபினெட் எவ்வளவு உயரத்தை அனுமதிக்கிறது, பக்கத்தில் இருக்கும் ரேம் இடிக்காதா என்று அளந்து பார்த்தே வாங்க வேண்டும். 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் கொண்ட சின்ன லிக்விட் கூலரை யாரும் வாங்கத் தேவையில்லை. அதன் வேலையைப் பாதி விலையில் நல்ல ஏர் கூலர் செய்துவிடும். அதை நியாயப்படுத்தக்கூடியது, உயரமான எதுவும் நுழையாத மிகச் சிறிய கேபினெட் மட்டுமே.

அப்படியானால் லிக்விட் கூலர் யாருக்கு? 200 வாட்டுக்கு மேல் தின்னும் பிராசஸரை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுபவருக்கு. முப்பரிமாண அனிமேஷன், நீண்ட வீடியோ ரெண்டர், பெரிய மென்பொருள் தொகுப்பு ஆகியவை அத்தகைய வேலைகள். அவர் பார்க்க வேண்டியது ரேடியேட்டரின் பரப்பு. 240 அளவில் இரண்டு 120 மில்லிமீட்டர் விசிறிகள். 280 அளவில் இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள். 360 அளவில் மூன்று 120 மில்லிமீட்டர் விசிறிகள். பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 280 அளவு 360க்குக் கிட்டத்தட்ட பத்து சதவீதமே குறைவு. விசிறி பெரிது என்பதால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும், சத்தமும் குறையும். ஆனால் 280க்கு இடம் தரும் கேபினெட்டுகள் குறைவு. 360 என்று எழுதியிருந்தாலும் ரேடியேட்டரின் முழு நீளம் 400 மில்லிமீட்டரை நெருங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. சில மாடல்களில் ரேடியேட்டர் 38 மில்லிமீட்டர் தடிமன். விசிறியையும் சேர்த்தால் மதர்போர்டை இடிக்கலாம்.

எங்கே பொருத்துவது என்பதும் விலை அளவுக்கு முக்கியம். கேபினெட்டின் மேற்புறத்தில் பொருத்தினால் சூடான காற்று அப்படியே வெளியேறும். முன்புறத்தில் பொருத்தினால் பிராசஸருக்கு வெளிக்காற்று நேரடியாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சூட்டை அடுத்து வாங்கிக்கொள்வது கிராபிக்ஸ் கார்டு. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 ஒன்றே 450 வாட் தின்னும். பிராசஸரைவிடப் பெரிய அடுப்பு அது. எந்தப் பக்கம் வைத்தாலும் மாறாத விதி: பம்ப், சுற்றின் உச்சியில் இருக்கக்கூடாது. திரவத்துக்குள் எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். அது மேலே ஏறித் தங்க ரேடியேட்டரின் உச்சி காலியாக இருக்க வேண்டும். பம்ப் உச்சியில் இருந்தால் காற்று அதற்குள் புகுந்து கரகரக்கும், ஆயுளும் குறையும்.

தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் வைப்பதைப் பற்றிய பயம் நியாயமானது. 2004இல் ஆப்பிள் வெளியிட்ட பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரின் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலில் திரவக் குளிர்விப்பு இருந்தது. வருடங்கள் கழித்து அவற்றில் சில கசிந்து உள்பாகங்களை அரித்தன. நிரப்பி மூடியே விற்கப்படும் இன்றைய கூலர்களில் கசிவு அபூர்வம். அதைவிட நிச்சயமானது முதுமை. ரப்பர் குழாய் வழியே திரவம் வருடா வருடம் துளித்துளியாக ஆவியாகிக் குறையும், பம்ப் தேயும். பல நிறுவனங்கள் ஐந்து அல்லது ஆறு வருட வாரன்டி தருவதன் அர்த்தம், அதற்குமேல் பொறுப்பேற்க அவை தயாராக இல்லை என்பதே. வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். கெட்டுப்போனால் இந்தியாவில் யாரிடம் கொண்டுபோவது? கசிந்து மற்ற பாகங்கள் பாழானால் அதற்கும் ஈடு உண்டா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் அந்தக் கூலர் மலிவானதல்ல.

மும்பை, கொல்கத்தா போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இன்னொரு சந்தேகம் கிளம்புகிறது: குழாய்மேல் பனி போல நீர் கோர்த்து மதர்போர்டில் சொட்டாதா? சொட்டாது. சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பொருள்மேல்தான் நீர் கோர்க்கும். இந்தத் திரவமோ எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். பலவீனமாக எண்ணப்பட்ட அதே விதி இங்கே பாதுகாப்பாகிறது. வடக்கே தூசிதான் எதிரி. ரேடியேட்டரின் நெருங்கிய தகடுகளில் ஒரே கோடையில் கம்பளம் போலத் தூசி படியும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் துடைக்காவிட்டால் விலை உயர்ந்த 360 கூலரும் மூச்சுத் திணறும்.

செலவே இல்லாத கூலர் ஒன்றும் இருக்கிறது. அது பயாஸுக்குள் ஒளிந்திருக்கிறது. பல மதர்போர்டுகள் போட்டியில் முந்துவதற்காக பிராசஸரின் வாட் வரம்பைத் தளர்த்தியே விற்கப்பட்டன. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் சில நிலைகுலைந்த விவகாரத்தில், அவை அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டதே அடிப்படைக் காரணம் என்று 2024இல் இன்டெல் கண்டறிந்தது. திருத்தம் வெளியிட்டு வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. பயாஸைப் புதுப்பித்து, தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் வரம்பை அமைத்தாலே பல டிகிரி இறங்கும். ஏஎம்டியில் ஈகோ மோட் என்ற வசதி உண்டு. கடைசிச் சில சதவீத வேகத்துக்காகத்தான் பிராசஸர் மிக அதிகமான மின்சாரத்தைத் தின்கிறது. அதை விட்டுக்கொடுப்பவருக்குப் பாதிச் சூடு மிச்சம்.

திரவக் குளிர்விப்பு ஏமாற்று வேலை என்று இதற்குப் பொருளல்ல. 1985இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட்டுகள் மின்சாரம் கடத்தாத திரவத்தில் முழுக்க மூழ்கியிருந்தன. காந்திநகர் ஐஐடியில் 2022இல் நிறுவப்பட்ட பரம் அனந்தா சூப்பர் கம்ப்யூட்டரும் திரவத்தால் குளிர்விக்கப்படுவதுதான். ஆனால் அங்கெல்லாம் திரவம் சுமந்து வரும் வெப்பத்தை அகற்றுவதற்குத் தனி ஏற்பாடு உண்டு. வீட்டில் அந்த ஏற்பாட்டின் பெயர் ஜன்னல்.

நாக்பூர் இளைஞர் மறுபடி கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. சில நூறு ரூபாய்க்கு ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, கம்ப்யூட்டர் வைக்கப்போகும் மூலையில் இரண்டு நாள் மாட்டிவைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வது. 35க்குள் இருந்து, வாங்கப்போவது 65 வாட் வகைப் பிராசஸர் என்றால் ஏர் கூலர் போதும். மிச்சமாகும் பணம் யுபிஎஸ்ஸுக்கு. 250 வாட் பிராசஸர்தான் வேண்டும் என்றால் 360 லிக்விட் கூலரோடு நிறுத்த முடியாது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டுமாகச் சேர்ந்து 700 வாட் ஹீட்டர் ஒன்றை அந்த மூலையில் மூட்டப்போகின்றன. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஓர் எக்ஸாஸ்ட் விசிறியோ ஏசியோ பட்ஜெட்டில் சேர வேண்டும். எண் 40ஐத் தாண்டினால் முதல் செலவு அறைக்கு, கம்ப்யூட்டர் அப்புறம். ஜன்னல் கூலர் இருக்கவே இருக்கிறது. அதன் ஈரக் காற்று நேராகக் கேபினெட்டில் அடிக்காதபடி மட்டும் மேஜையைத் தள்ளிப்போட வேண்டும்.