கேமிங் மவுஸ்: விளக்கு எரியுது சரி, ரிப்பேர் யார் பண்றது?

மக்களே, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். கம்ப்யூட்டரோட வந்த பழைய மவுஸையும் கீபோர்டையும் ஓரங்கட்டிட்டு நல்லதா ஒரு செட் வாங்கறதை நான் எதிர்க்கவே இல்லை. "கேம் ஆடறதுக்கு இவ்ளோ செலவா?"ன்னு கேக்கற பெரியப்பா கட்சி நான் கிடையாது. சாதாரண மெம்பரேன் கீபோர்டுல மூணு கீயைச் சேர்த்து அமுக்கினா, சில கூட்டணியில மூணாவது கீ பதிவே ஆகாது. ஓடிக்கிட்டே பக்கவாட்டுல திரும்பிக் குதிக்கணும்னா நம்மாளு நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிப்பான். அது நிஜமான குறை. அதுக்குக் காசு செலவழிக்கறது நியாயம்தான்.

என் சண்டை வேற. எதைக் காட்டிக் காசு கேக்கறாங்க, எதைத் தராம விடறாங்கங்கறதுதான்.

டிபிஐ-யை எடுத்துக்குங்க. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினா அது எத்தனை எண்ணிக்கை அனுப்புதுங்கற கணக்கு அது. அட்டைப்பெட்டியில 26,000-னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். உங்க திரை 1920 பிக்சல் அகலம்னு வெச்சுக்குங்க. மவுஸை 26,000-ல வெச்சு, வேற எந்த செட்டிங்கும் மாத்தாம விட்டா, கை ரெண்டு மில்லிமீட்டர் நகர்றதுக்குள்ள கர்சர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிடும். ஒரு தும்மல் போதும், தலைவர் காணாமப் போயிடுவார். கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடியே சம்பாதிக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க 400 இல்லன்னா 800-லதான் வெச்சிருக்காங்க. மிச்ச 25,000 யாருக்கு? அட்டைப்பெட்டிக்கு.

அடுத்தது போலிங் ரேட். 125 ஹெர்ட்ஸ்னா 8 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை மவுஸ் சேதி சொல்லும். 1000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லி செகண்ட். இது உருப்படியான முன்னேற்றம், ஒத்துக்கறேன். இப்போ 8000-னு விக்கறாங்க. இதுல கூடுதலா மிச்சமாகறது ஒரு மில்லி செகண்டுகூட இல்லை. ஆனா வீட்டுல இருக்கற 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் புதுப் படம் காட்டறதே 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான். பதினாறு நிமிஷத்துக்கு ஒரு பஸ் வர்ற ஊர்ல, செருப்பு மாட்டறதுல ஒரு நிமிஷம் மிச்சம் பிடிச்சேன்னு மார்தட்டற கதை இது.

சரி, எதைத் தர மாட்டேங்கறாங்க? மவுஸ் பட்டனுக்கு அடியில சின்னதா ஒரு மைக்ரோ ஸ்விட்ச் இருக்கு. உள்ள ஒரு மெல்லிசான உலோகத் தகடு. அது தேஞ்சா ஒரு தடவை அமுக்கினதை ரெண்டு தடவையா பதிவு பண்ணும். என் மவுஸுக்கு வாரண்டி முடிஞ்ச நாலாவது மாசம் இந்த வியாதி வந்துச்சு. சர்வீஸ் சென்டர்ல, "ரிப்பேர் கிடையாது சார், புது மாடல் பாருங்க"ன்னாங்க. சென்சார் நல்லாருக்கு, ஒயர் நல்லாருக்கு, கடுகளவு தகடு ஒண்ணு தேஞ்சதுக்கு மொத்தத்தையும் குப்பையில போடணுமாம்! ரிச்சி ஸ்ட்ரீட்ல ஸ்விட்ச் வாங்கி நானே சால்டர் பண்ணேன். அதுக்கும் ஸ்க்ரூவைத் தேடணும். அடியில ஒட்டியிருக்கற வழுக்கு அட்டைக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருக்கான். அதைப் பிச்சா மறுபடி சரியா ஒட்டாது. இது தற்செயலா, சொல்லுங்க?

"இதெல்லாம் முடியாதுங்க, டெக்னாலஜி அப்படி"ன்னு சிலர் வக்காலத்து வாங்குவாங்க. கீபோர்டைப் பாருங்க சாமிகளா. செர்ரி எம்எக்ஸ் ஸ்விட்ச் வந்தது 1980-கள்ல. பேட்டண்ட் முடிஞ்சப்புறம் அதே அச்சுல கேட்டரான், கைல்னு பல கம்பெனி செய்ய ஆரம்பிச்சது. விலை இறங்குச்சு. இன்னிக்கு ஹாட்ஸ்வாப் கீபோர்டு வாங்கினா, கெட்டுப்போன ஸ்விட்சைப் பிடுங்கிட்டு வேற கம்பெனி ஸ்விட்சைச் சொருகலாம், சால்டரிங்கே வேணாம். மவுஸ்லயும் இப்படிச் சொருகற மாதிரி சில மாடல் வந்திருக்கு. அப்போ முடியாதுன்னு இல்லை, மனசில்லை.

பழுது பார்க்கற உரிமைக்காக மத்திய அரசு 2022-ல கமிட்டி போட்டுச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வண்டின்னு நாலு துறையைச் சொன்னாங்க. மவுஸ் பேரு அதுல இல்லை. அது வர்ற வரைக்கும் கடைக்காரர்கிட்ட நாமதான் கேக்கணும். எத்தனை கலர்ல விளக்கு எரியும்னு கேக்காதீங்க. ஸ்விட்ச் மாத்த முடியுமா, ஒயர் கழட்ட முடியுமா, அக்கவுண்ட் திறக்காம கீயை மாத்தி அமைக்க முடியுமான்னு கேளுங்க. பத்துப் பேர் கேட்டுட்டு வாங்காம திரும்பினா அந்தக் கடைக்காரர் அடுத்த தடவை சரக்கு எடுக்கும்போது யோசிப்பார்.

டிஸ்கி: விளக்கு எரியற கீபோர்டு வெச்சிருக்கற அன்பர்கள் கோவிச்சுக்க வேணாம். என்னுதும் எரியும். கரண்ட் போனா எல்லாருக்கும் ஒரே கலர்தான், ஆட்டோ அனுப்பிடாதீங்க!