ராஜா முட்டையிட்ட கதை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் ஆறு வருஷமாக ஓர் ஆமை சௌக்கியமாக வாழ்கிறது, வீடும் உருப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. திருச்சியில் வண்ண மீன் கடையில் வாங்கிய சிவப்புக் காது ஆமை. வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு. இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. பெயர் ராஜா.

போன மாதம் ஒரு நாள் காலையிலேயே நாத்தனாரிடமிருந்து போன்.

"அண்ணி, ராஜா நாலு நாளா ஒண்ணும் திங்கலை. கண்ணாடித் தொட்டியைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. பின்னங்காலால தோண்டுற மாதிரி பண்ணுது. எங்க மாமியார் விளக்கெண்ணெய் குடுக்கச் சொல்றாங்க. இவரு புதுக்குளத்துல விட்டுடலாம்ங்கிறாரு."

"ரெண்டும் வேண்டாம்மா. நான் வரேன்" என்று பஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் முன்னங்கால் நகங்கள் குட்டை, வாலும் குட்டை. ஆண் ஆமைக்கு இரண்டுமே நீளம், உடம்புதான் சிறிது. "இது ராஜா இல்லை, ராணி! முட்டையிட இடம் தேடுது" என்றேன். நாத்தனார் மகளுக்கு ஒரே ஆச்சரியம். "ஆண் ஆமையே இல்லாம எப்படி அத்தை?"

நாமக்கல்லிலிருந்து வரும் முட்டைகளை இடும் கோழிகள் சேவலைப் பார்த்தா இடுகின்றன? அதே கதைதான். பெண் ஆமை பருவத்துக்கு வந்துவிட்டால் துணை இல்லாவிட்டாலும் முட்டை கட்டும். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இது தெரியாததால்தான் பல வீடுகளில் ஆமை வீணாகச் செத்துப்போகிறது.

முட்டை ஏன் தங்குகிறது?

முதல் காரணம், மண் இல்லாதது. ஆமை நீரில் வாழ்ந்தாலும் முட்டையிடுவது கரையில், பின்னங்காலால் குழி தோண்டித்தான். கண்ணாடித் தொட்டியில் குழிக்கு எங்கே போகும்? சில ஆமைகள் தண்ணீரிலேயே முட்டையைப் போட்டுவிடும். சில அடக்கி வைத்துக்கொள்ளும். அடக்கிய முட்டை உள்ளேயே உடைந்தாலோ, சீழ் வைத்தாலோ உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஓடு கட்டவும் வேண்டும், முட்டையைத் தள்ளும் தசைக்கும் வேண்டும். வெறும் காய்ந்த இறாலும் சோறும் போட்டால் அந்தச் சத்து எங்கிருந்து வரும்? வெயிலும் வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தேவையான கதிர் வடிகட்டப்பட்டுவிடும். இவை தவிர தண்ணீர்ச் சத்துக் குறைவு, அளவுக்கு மீறிய கொழுப்பு, கோணலான அல்லது பெரிய முட்டை என்றும் காரணங்கள் உண்டு.

வீட்டில் செய்யக்கூடியது

ஆமையைப் போல் நாலைந்து மடங்கு நீளமுள்ள பழைய பிளாஸ்டிக் டப்பில் மண்ணும் மணலும் கலந்து ஓரடி ஆழத்துக்கு நிரப்புங்கள். ஈரம் புட்டு மாவுப் பதத்தில் இருக்கட்டும்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பாதி வெயில், பாதி நிழலில் வைத்து ஆமையை விட்டுவிட்டு விலகி வந்துவிடுங்கள். யாராவது எட்டி எட்டிப் பார்த்தால் தோண்டுவதை நிறுத்திவிடும்.

கைக்குழந்தைக்கு ஊற்றும் சூட்டில் வெந்நீர் விளாவி, தலை மூழ்காத ஆழத்தில் அரை மணி நேரம் உட்கார வைக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, கணவாயின் ஓடுதான். அதில் ஒரு துண்டை எப்போதும் தொட்டியில் போட்டு வையுங்கள். முருங்கைக்கீரையும் நல்லது. விளக்கெண்ணெய் கொடுப்பது, வயிற்றை அமுக்குவது, விரல் விட்டுப் பார்ப்பது கூடவே கூடாது.

எப்போது டாக்டர்?

முட்டையிடும் முன் சில நாள் தீனி குறைவதும் அலைவதும் இயல்பு. ஆனால் துவண்டு கண்மூடிக் கிடந்தால், முக்கி முக்கியும் எதுவும் வராவிட்டால், பின்னங்காலை இழுத்து நடந்தால், பின்புறம் சதை வெளியே தள்ளினால் அன்றே கால்நடை டாக்டரிடம் போக வேண்டும். முட்டை ஓடு எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். எத்தனை, எந்த அளவு என்று பார்த்துவிட்டு முதலில் கால்சியம், பிறகு தேவைப்பட்டால் பிரசவத்துக்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி. படம் எடுக்காமல் அந்த ஊசியைப் போடச் சொல்லாதீர்கள். வழியில் அடைப்பு இருந்தால் உள்ளே கிழிந்துவிடும். நம் பக்கத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

கையையும் சட்டத்தையும் மறக்காதீர்கள்

ஆமையின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இதனாலேயே அமெரிக்காவில் 1975-ல் நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள். கர்ப்பிணிகளும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தொடாமலிருப்பதே நல்லது.

இந்தச் சிவப்புக் காது ஆமை அமெரிக்க ஜாதி. நம் குளத்தில் விட்டால் நம்மூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நம் காட்டு நட்சத்திர ஆமையையோ, கிணற்றிலும் குளத்திலும் கிடைக்கும் ஆமையையோ பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்டால் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள்.

சரி, ராஜா என்ன ஆயிற்று? எக்ஸ்ரேயில் எட்டு முட்டை. டாக்டர் கால்சியம் போட்டு, "முதல்ல மண்ணு குடுங்க, ஊசி அப்புறம்" என்றார். அன்று சாயங்காலம் டப்பில் விட்டோம். காலையில் மண் தட்டிச் சமமாக இருந்தது, கிளறினால் ஆறு. மீதி இரண்டும் மூன்றாம் நாள் ஊசிக்குப் பிறகு வந்தன. மறுநாளே ராஜா தீனிக்கு வாயைத் திறந்தது.

இப்போது அந்த டப் நிரந்தரமாக மாடியில் இருக்கிறது, ஏனென்றால் ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று தடவைகூட முட்டையிடுமாம். நாத்தனாரின் மாமியார்தான் தினமும் மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கிறார். பெயரையும் அவரே மாற்றிவிட்டார்: ராஜாத்தி.

அடுத்த இதழில், அடைக்கு உட்காரும் நாட்டுக்கோழியைப் பற்றிப் பார்ப்போம்.