சத்தம் போடாத பிரிவு

காதலர்கள் பிரிகிறார்கள். பக்கத்தில் மூன்றாவது ஆள். வாய்விட்டு அழக்கூட வழியில்லை. 1940களின் இரண்டு பிரிட்டிஷ் படங்களில் இதே இக்கட்டு.

டேவிட் லீனின் 'ப்ரீஃப் என்கவுன்ட்டர்' (1945) படத்தில் ரயில் நிலைய சிற்றுண்டிச்சாலையில் கடைசிச் சந்திப்பு. வம்பளக்கும் தோழி ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட, டிரெவர் ஹோவர்ட் காதலியின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போகிறார். மீதியை சீலியா ஜான்சனின் பெரிய கண்களே சொல்லிவிடுகின்றன. லீனுக்குத்தான் அது போதவில்லை. அவர் சேர்த்த பின்னணிக் குரலும் ராக்மானினோவின் பியானோவும் படம் நெடுக, அந்த முகம் சொன்னதையே திரும்பச் சொல்கின்றன.

கரோல் ரீடின் 'தி ஃபாலன் ஐடல்' (1948) படத்தில் விளக்கம் சொல்லும் குரல் கிடையாது. தூதரக பட்லர் ரால்ஃப் ரிச்சர்ட்சன், காதலியுடன் டீக்கடையில் இருக்கும்போது தூதரின் சின்ன மகன் நுழைகிறான். உறவுக்காரப் பெண் என்று சமாளித்துவிட்டு, பையனுக்குப் புரியாதபடி பேச்சைத் தொடர்கிறார். குரலில் மரியாதை, முகத்தில் ஒரு வாழ்க்கையே சரிகிறது.

ஜான்சனுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ரீடின் படத்தில் இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் பரிந்துரை, ரிச்சர்ட்சனுக்கு இல்லை. நடிப்பதே தெரியாமல் நடித்ததற்கு அபராதம்.