ஈதற்கும் கல்வி வேண்டும்

‘பாத்திரமறிந்து பிச்சையிடு’ என்பது முதுமொழி. பெறுவோரை அறிந்தால் மட்டும் போதாது. கொடுக்கும் பொருளின் இயல்பையும் அறிதல் வேண்டும். வங்காள தேசத்தின் வரலாறு இவ்வுண்மையை விளக்கும்.

அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் நெடுங்காலம் குளத்து நீரையே பருகி வந்தனர். அதனால் வயிற்றுப்போக்கு முதலிய நோய்கள் பரவிக் குழந்தைகள் பலர் மாண்டனர். அது கண்டு, 1970-களில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியத்தின் உதவியால் ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் அமைக்கப்பட்டன. தெளிந்த நீர் கிடைக்கவே, மக்கள் தம் பொருளைச் செலவிட்டும் மேலும் பல கிணறுகளை இறக்கினர். ஆனால், அந்நிலத்தடி நீரில் பல இடங்களில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது. நிறமும் மணமும் சுவையும் காட்டாத நஞ்சு அது. நீரைச் சோதித்தோர் அந்நாளில் அதனைத் தேடவில்லை. 1993ஆம் ஆண்டில் அது கண்டறியப்படுமுன், கோடிக்கணக்கானோர் அந்நீரைப் பருகிவிட்டனர். பலர் தோலில் கரும்புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றின; புற்றுநோயும் சிலரைப் பற்றியது. பின்னர்க் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுடையவற்றுக்குச் செந்நிறமும் ஏனையவற்றுக்குப் பச்சை நிறமும் பூசினர்.

உதவியோர் உள்ளத்தில் குற்றமில்லை. அறிவில் குறை இருந்தது.

“ஏழைக்கு உதவப் பட்டம் எதற்கு? இரக்கம் ஒன்றே போதாதோ?” என்று வினவுவோர் உளர். ஒரு நோயாளிக்கு மருந்து தருபவரே மருத்துவம் கற்றிருத்தல் வேண்டும் எனின், ஒரு நாட்டுக்கே மருந்து தருவோர் கல்லாதிருத்தல் தகுமா? இது பற்றியே, பன்னாட்டு உதவியும் நாட்டு வளர்ச்சியும் பல்கலைக் கழகங்களில் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக் கழகத்தை ஒட்டி 1966ஆம் ஆண்டில் வளர்ச்சி ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. அங்குப் பல்லாண்டு பணியாற்றிய ராபர்ட் சேம்பர்ஸ் என்னும் அறிஞர், உதவ வருவோர் முதலில் ஊராரிடம் கற்றல் வேண்டும் என வற்புறுத்தினார்.

“கிணறு அமைத்தவரும் கற்றவரே அன்றோ?” எனலாம். உண்மையே. அவர் கிணறு அமைக்கக் கற்றிருந்தார். கொடுத்தபின் விளைந்தது யாது என்று திரும்பிப் பார்க்கும் வழக்கமே அன்று குறைந்திருந்தது. தோலில் தோன்றிய புள்ளிகளை முதலிற் கண்டவர் அவ்வூராரே. அவர்களை நாடிச் சென்று வினவுவதும், தம் கொடையைத் தாமே ஐயுற்று ஆராய்வதும் இக்கல்வியின் உயிர். அவற்றைக் கற்பியாத பட்டம் வெறும் ஏடே. இரக்கம் கையை நீட்டச் செய்யும். அக்கையில் இருப்பது அமுதோ நஞ்சோ என்று காட்டுவது கல்வியே.