இரண்டடித் துண்டை வைத்து என்ன செய்ய?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. மறுநாள் காலை பக்கத்து வீட்டு வாகை, மதிலை உடைத்துக்கொண்டு தெருவில் படுத்துக் கிடந்தது. ரம்பத்தோடு வந்தவர்கள் கிளைகளைக் கழித்துவிட்டு, அடிமரத்தை இரண்டடி இரண்டடியாகத் துண்டு போட ஆரம்பித்தார்கள்.

"அண்ணே, அடித்துண்டை மட்டும் எட்டடியா விடுங்களேன்."

"லாரியில எப்படி சார் ஏத்துறது?"

நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்ததால் எட்டுப் பேர் கடப்பாரை போட்டு நெம்பி, அந்த ஒரு துண்டை என் வீட்டு ஓரம் உருட்டிவிட்டோம். சுற்றளவு ஆறடி. அதில் கால் பங்கு ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் 18 கன அடி. (இந்த வியாபாரக் கணக்கு உண்மையான அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும், அது தனிக்கதை.) இரண்டடித் துண்டுகளாகியிருந்தால் அத்தனையும் விறகுதான்.

வாகையை நம் ஊரில் யார் மதிக்கிறார்கள்? தேக்கைத் தவிர எல்லாம் மட்டமரம் என்ற நினைப்பு. வெள்ளைக்காரன் இதே வாகையைக் 'கிழக்கிந்திய வால்நட்' என்று பெயர் வைத்து விற்றான். வைரம் நல்ல காப்பிக்கொட்டை நிறம், நடுவே கறுப்பு வரி ஓடும். இங்கே வசதியுள்ளவர்கள் அசல் வால்நட்டை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கிறார்கள்.

முதலில் போன அறுவை மில்லில் வாசலிலேயே கைவிரித்தார்கள். தெருவோர மரமென்றால் ஆணி இருக்கும், பிளேடு போய்விடும் என்றார்கள். பொய்யில்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தடவிப் பார்த்ததில் 17 ஆணிகள் சிக்கின. டியூஷன் போர்டு, கொடிக்கயிறு, கேபிள் ஒயர் என்று ஆளாளுக்கு அடித்தவை. ஒவ்வொன்றைச் சுற்றியும் மை கொட்டியதுபோல் கருநீலக் கறை. பிளேடு உடைந்தால் காசு நான் தருகிறேன் என்ற பிறகு வேறொரு மில்லில் அறுத்தார்கள். வாகைத்தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. மில்லில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திட்டிக்கொண்டே தும்மினார்கள்.

பிறகு பொறுமைதான் வேலை. பலகையின் இரு தலைப்பிலும் மீந்துபோன எனாமல் பெயின்ட். இல்லாவிட்டால் ஈரம் அந்த வழியாகவே ஓடி வெடிப்பு விழும். வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்காமலிருக்க போராக்ஸ் கரைசல். பலகைக்குப் பலகை ஓரங்குலக் குச்சி வைத்து, நிழலில் அடுக்கி, மேலே கல் ஏற்றினேன். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது கணக்கு.

புயலில் சாயும் மரங்களுக்காக மாநகராட்சியிடம் நான் கேட்பது பெரிய திட்டமல்ல. மழைக்காலத்துக்கு முன்பே பகுதிக்கு ஒரு காலி மைதானம் ஒதுக்குங்கள். நாலடி சுற்றளவுக்கு மேற்பட்ட அடிமரத்தை ஏழடிக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள். அந்த வாரமே தலைப்பில் பெயின்ட் அடித்து, ஆசாரிகளுக்கு ஏலம் விடுங்கள். கிரேனுக்கு ஏது காசு என்பார்கள். ஏலப் பணத்தில் கழியட்டும். இதைச் சாக்காக வைத்து நிற்கிற மரத்தில் கை வைப்பவர்கள் கிளம்புவார்கள் என்ற பயமும் எனக்கு உண்டு. வேரோடு சாய்ந்ததைப் படமெடுத்துப் பதிந்த பிறகே ஏலம் என்று வைக்கலாம்.

என் துண்டில் ஒரு சாப்பாட்டு மேசையும் இரண்டு பெஞ்சும் தேறின. பார்க்கிறவர்கள் ரேகை அழகாக இருக்கிறது என்கிறார்கள். மரத்தில் ரேகை பிரமாதமாக விழுவது கிளை பிரியும் கவட்டையில்தான். அது அன்றைக்கே லாரியில் போய்விட்டது.