திரையில் ஒட்டும், தரையில் எட்டும்

ஒரே புளோக்கில் இரண்டாவது மாடியில் நீங்கள், இருபத்தைந்தாவது மாடியில் உங்கள் அத்தை. கைப்பேசி வரைபடத்தில் இருவர் வீடும் ஒரே புள்ளிதான். லிஃப்ட் பழுதான நாளில் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு தூரம் என்று அத்தை சொல்வார்!

நிலத்தடிப் பாறைகளை முப்பரிமாணத்தில் காட்டும் மென்பொருள்களிலும் இதே கதைதான். நிலவியல் படித்த தம்பி ஒருவர், நியூசிலாந்தில் உருவான லீப்ஃபிராக் என்ற மென்பொருளைத் தம் மடிக்கணினியில் காட்டினார். ஊடகம் படித்த என் கண்ணுக்கு அது குவே லாப்பிஸ் போலத் தெரிந்தது. வண்ண வண்ண அடுக்குகள், நடுவே பல்குச்சி குத்தியதுபோல் ஆழ்துளைகள்.

மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சுரங்கப்பாதைகளுக்கு 30 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மற்றதைவிட 40 மீட்டர் ஆழத்தில் இருந்தால் உண்மை இடைவெளி 50 மீட்டர். உயர்நிலை இரண்டில் படித்த பித்தாகோரஸ்தான். அதனால் அளவுகோலின் இரு முனைகளும் அளக்கவேண்டிய பொருளின்மீதே பதிந்திருக்க வேண்டும். வெற்றிடத்தில் சொடுக்கினால் ஒரு எண் வரும், ஆனால் அது எந்த ஆழத்துக்கான எண்?

சாய்வு இன்னும் வேடிக்கை. ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓர் ஓரத்தை மேசையில் ஊன்றி, எதிர் ஓரத்தைத் தூக்கிப் பிடியுங்கள். ஊன்றிய ஓரத்துக்கு நேர் எதிரே நின்றால் சாய்வே தெரியாது. அந்த ஓரத்தின் நீளவாக்கில் பார்த்தால் புத்தகம் ஒற்றைக் கோடாகிவிடும். அப்போது தெரிவதுதான் உண்மைச் சாய்வு. தம்பியும் மாதிரியைத் திருப்பித் திருப்பி, பாறை அடுக்கு ஒரு கோடாக மெலிந்த பிறகே கோணத்தை அளந்தார். “கண்ட பக்கத்துல வெட்டிப் பாத்தா பாறை பொய் சொல்லும்க்கா” என்றார். 45 பாகை சாய்ந்த அடுக்கை, அது நீளும் திசைக்கு 30 பாகை விலகி வெட்டினால், வெட்டுமுகத்தில் சாய்வு ஏறத்தாழ 27 பாகையாகத்தான் தெரியும்.

தடிமனும் அப்படியே. 60 பாகை சாய்ந்த அடுக்கைச் செங்குத்தான துளை 10 மீட்டர் கடந்து வந்தால், அடுக்கின் உண்மைத் தடிமன் 5 மீட்டர்தான். சாய்ந்த குவே லாப்பிஸில் பல்குச்சியை நேராகக் குத்திப் பாருங்கள், புரியும். (பிறகு சாப்பிட்டுவிடலாம்.)

கோணத்துக்கு இவ்வளவு மெனக்கெடல் ஏன்? 2014ல் திறக்கப்பட்ட ஜூரோங் பாறைக் குகைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூரோங் தீவை ஒட்டிய பன்யான் படுகைக்குக் கீழே, 130 மீட்டர் ஆழத்தில், 1.47 மில்லியன் கன மீட்டர் எண்ணெய்ப் பொருள்களைச் சேமிக்கும் இடம். பொதுவாக இத்தகைய குகைகளின் நீளவாக்கு, பாறையின் முக்கிய விரிசல்கள் ஓடும் திசைக்கு இணையாக அமையாதபடி பார்த்துக்கொள்வார்கள். இணையாக அமைந்தால் கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும் ஆபத்து அதிகம். திசையைத் தவறாக அளந்தால் கீழே வேலை செய்பவரின் தலைக்குமேல் வரும் வினை அது.

எனக்கு ஒரு குறை உண்டு. திரையில் எல்லா அடுக்கும் ஒரே பளபளப்பு. துளை தொட்ட இடத்தில் இருப்பது கண்ட உண்மை. இரண்டு துளைகளுக்கு நடுவே இருப்பது கணினியின் கணிப்பு. அளவுகோலோ இரண்டுக்கும் ஒரே மிடுக்கோடு மூன்று தசம இடம்வரை எண் சொல்கிறது.

தம்பி 18.264 மீட்டர் என்று ஓர் அளவைக் காட்டினார். “துளையிலிருந்து துளைக்கா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, “ஒரு முனை மட்டும்தாங்க்கா” என்றார்.