சாவி யார் கையில்?

அமெரிக்காவிலே பரீட்சையில் நல்ல புள்ளி பெறும் மாணவருக்கு மோட்டார் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. நம் நாட்டில் நாம் அறிந்த கழிவு வேறு. நட்டஈடு கோராமல் வாகனம் ஓட்டிய ஆண்டுகளுக்கே அது கிடைக்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும்.

ஆனால், சாதாரண தரப் பரீட்சை முடிந்ததுமே மகனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிடும் வாப்பாமாரைக் கல்முனையிலே காண்கிறோம். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாகும். அது பிறருக்கு நேரும் தீங்குக்கே உரியது; மகனின் முறிந்த காலுக்கு உதவாது. 18 வயது நிரம்பாதவனுக்குச் சாரதி அனுமதிப்பத்திரமும் கிடையாது. பத்திரமின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால் கம்பெனி கைவிரிக்கலாம். நட்டமெல்லாம் வாப்பாவின் தலையிலே விழும்.

ஆகவே, சாவி இரண்டு வருடம் அலுமாரியிலேயே இருக்கட்டும். மகன் கோபிப்பான், அந்தக் கோபம் ஆறிவிடும். முறிந்த கால் அத்தனை எளிதில் ஆறாது.